தகடு பாடிய மேல் ஸ்தாயி

1. வரவேற்பு

எஸ்டேட்டுகளுக்குச் சோதனை செய்யப் போகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வருகிறேன் என்று முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லாதீர்கள். சொன்னால் பெயிண்ட் அடித்துவிடுவார்கள்.

என் பெயர் எஸ்தர். குன்னூர்க்காரி. கோயம்புத்தூரில் ஓர் இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனியில் அல்ட்ராசோனிக் டெஸ்டிங் செய்து, போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன். இரும்பை வெட்டாமல், உடைக்காமல், உள்ளே ஒலியை அனுப்பி விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. டாக்டர் வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பது மாதிரிதான். ஆனால் என் நோயாளிகள் எங்கே வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். கூட வந்திருக்கும் சொந்தக்காரர்களோ, வலியே இல்லை என்று சாதிப்பார்கள்.

மஞ்சூருக்கு அப்பால் ஒரு தனியார் எஸ்டேட். பெயர் வேண்டாம், இன்றைக்கும் அங்கே எனக்கு டீ கொடுக்கிறார்கள். எஸ்டேட்டின் நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் பேக்டரியும் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளும். அந்தப் பக்கம் மேல் காடு முழுக்கத் தேயிலை. இரண்டையும் சேர்ப்பது ஓர் இரும்புப் பாலம். அடியில் கர்டர் என்னும் இரும்பு உத்தரங்கள், அதன் மேல் வரிசையாகப் பதித்த இரும்புத் தகடுகள், ஓரத்தில் கைப்பிடி, அவ்வளவுதான். பறித்த கொழுந்து மூட்டைகளும், மூட்டைகளின் மேல் பறித்த பெண்களுமாக டிராக்டர் டிரெய்லர் தினமும் அதன் மேல்தான் வரும்.

அந்தப் பெண்களுக்குக் கங்காணி சரோஜா. கங்காணி என்றால் பறிக்கிறவர்களை மேய்க்கிற ஆள். சரோஜாவின் அப்பா சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்; தோட்டத்துப் பேச்சு இந்த அம்மாவின் வாயில் அப்படியே இருந்தது. டிராக்டர் ஏறும்போது நடுத் தகட்டில் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது என்று சரோஜா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் வேறொரு கம்பெனி ஆட்கள் வந்து பார்த்து, ஒன்றுமில்லை, ஓகே என்று எழுதிவிட்டுப் போனார்கள். சரோஜா விடவில்லை. முதலாளி எஸ்டேட்டுக்கு வந்தபோது நேராகப் போய் அவரிடமே சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனியில் அப்போதுதான் புது மெஷின் வந்திறங்கியிருந்தது. என்னை அனுப்பினார்கள்.

நான் போனபோது பனி மூட்டம். பாலத்தருகே போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பாலம் முழுக்க வெள்ளிப் பெயிண்ட் பளபளத்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஜெரேனியம் பூந்தொட்டிகள். பாதையோரத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பு. எங்கள் மலையில் எஸ்டேட் விசிட் என்றால் இதுதான் வழக்கம். வருகிறவர் மினிஸ்டரா மெஷின்காரியா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள்.

மேனேஜர் ராஜசேகர், தோட்டத்துப் பேச்சில் தொரை, கைகூப்பிக்கொண்டு வந்தார். கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். நல்ல ஆகிருதி, நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் துடைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற ரகம்.

"வாங்க மேடம், வாங்க. எப்படியிருக்குதுங்க நம்ம பாலம்?"

"பாலத்தக் காணோமே சார். பெயிண்டுதான் தெரியுது."

"அடியில கூட விடலீங்க. மேடம் குனிஞ்சு பாப்பீங்கன்னு ஆளை எறக்கி அடிச்சு வெச்சிருக்கோமுங்க."

விரிசல் இருந்திருந்தால் அதையும் சேர்த்து மூடியாயிற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பையைப் பிரித்தேன். சரோஜா கைப்பிடியில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்டு வச்சிருக்காங்க மிசினம்மா. நோவு உள்ளதான் இருக்கு."

அன்றிலிருந்து அந்த எஸ்டேட்டில் நான் மிசினம்மா.

2. கூடப் பாடுகிறவர் யார்?

மேலே போவதற்கு முன் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாவிட்டால் மேனேஜர் பட்ட பாடு புரியாது.

பழைய முறையில் ஒலியை அனுப்புவோம். விரிசலில் மோதினால் எக்கோ திரும்பி வரும், ஸ்கிரீனில் ஒரு கோடு எழும்பும். சுவரில் பந்தை எறிந்து பிடிப்பதுபோல. ஆனால் விரிசலின் இரண்டு உதடுகளும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தால் ஒலி அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். பந்து திரும்பாது. நாமும் ஓகே என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் அந்த முதல் கம்பெனி ஆட்களை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

புது முறைக்கு நான்லீனியர் கைடட் வேவ் என்று பெயர். தகட்டின் ஒரு முனையில் ஒலியை அனுப்ப ஒரு ப்ரோப், மறுமுனையில் அதைக் கேட்க இன்னொன்று. அலை தகட்டின் இரண்டு முகங்களுக்கும் நடுவே, வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல நீள ஓடும். கொஞ்சம் பலமாகவே அனுப்புவோம். மூடின விரிசல் வழியாக அது போகும்போது அந்த உதடுகள் திறந்து மூடி, திறந்து மூடித் தட்டிக்கொள்ளும். அந்தத் தட்டலில், அனுப்பியதைப் போல் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் புதிதாக ஓர் ஒலி பிறக்கும். செகண்ட் ஹார்மோனிக் என்போம். நான் எங்கள் சர்ச் கொயரில் பாடுகிறவள், எனக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபமாக இருந்தது. நான் கீழ் ஸ்தாயியில் மட்டும் பாடி அனுப்புகிறேன். அந்தப் பக்கம் மேல் ஸ்தாயியும் கலந்து வந்தால், நடுவில் யாரோ கூடப் பாடியிருக்கிறார்கள்.

அந்த யாரோ விரிசலாக இருக்கலாம். லூஸான போல்ட்டாகவும் இருக்கலாம், நம் மெஷினேகூட இருக்கலாம். யார் என்று கண்டுபிடிப்பதில்தான் தலைவலி முழுவதும்.

3. ஜெரேனியம்

முதல் தகட்டில் ஜெல் தடவி, ப்ரோப் வைத்து அனுப்பினேன். மேல் ஸ்தாயி தெளிவாக வந்தது. இரண்டாவது தகடு, அதிலும் வந்தது. மூன்றாவதிலும் வந்தது. நடுத் தகடு, கடைசித் தகடு, எல்லாமே சேர்ந்து பாடின. இப்படி ஒரு பாலத்தை நான் பார்த்ததே இல்லை.

"சார், பாலத்த உடனே மூடுங்க. தகடு பூரா விரிசல்."

அங்கே போன் சிக்னல் கரையிலிருக்கும் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில்தான் கிடைக்கும். ராஜசேகர் ஓடிப்போய் அதன் அடியில் நின்று முதலாளிக்குப் போன் போட்டார். பாலம் மூடியாச்சுங்க, மொத்தமும் போச்சுங்க, நல்லவேளை மேடம் வந்தாங்க என்றெல்லாம் அவர் சொல்வது எனக்குக் கேட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்த நேரம் சரோஜாவுக்குக் கால் வலி. உட்கார இடமில்லை என்று ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். என் ஸ்கிரீனில் மேல் ஸ்தாயி சட்டென்று இறங்கியது.

"சரோஜாம்மா, அடுத்த தொட்டியையும் எடுங்க."

எடுத்தார். இன்னும் இறங்கியது. நான் எழுந்து, எல்லாத் தொட்டிகளையும் எடுக்கச் சொன்னேன். தொட்டிகளுக்கு அடியில் ஓடை மணல் ஒட்டியிருந்தது. கனத்த தொட்டிக்கும் இரும்புக்கும் நடுவே அந்த மணல் நெரிந்து நெரிந்து தட்டியிருக்கிறது. விரிசல் செய்யும் அதே வேலை. இவ்வளவு நேரமும் என்னோடு கூடப் பாடியது ஜெரேனியம்.

மேனேஜர் மறுபடி மரத்தடிக்குப் போனார். இந்த முறை மெதுவாக நடந்து போனார். முதலாளியிடம் என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை, காது கேட்காததுபோல ப்ரோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து மரியாதையாகத்தான் சொன்னார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. பூந்தொட்டிக்கெல்லாம் பாலத்த மூட முடியாதுங்க."

தொட்டி வைத்தது நானா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மானம் போன பிறகு வாய் எதற்கு.

4. தொரை வந்தால் வாயை மூடும் தகடு

தொட்டிகள் போன பிறகு ஒவ்வொரு தகடாகத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் அமைதியாகிவிட்டன, நடுத் தகட்டைத் தவிர. அதே மெஷின், அதே ஜெல், பக்கத்துத் தகட்டில் ஒன்றுமே இல்லை. இதில் மட்டும் மேல் ஸ்தாயி நின்று பாடியது. போல்ட்டெல்லாம் முடுக்கிப் பார்த்தேன். பாட்டு நிற்கவில்லை. சரோஜா டக் என்று சொன்ன அதே தகடு.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க."

ராஜசேகர் வந்தார். ஸ்கிரீன் நன்றாகத் தெரிய வேண்டும் என்று தகட்டின் நடுவில் நின்று என் தோளுக்கு மேல் குனிந்தார். மேல் ஸ்தாயி காணாமல் போயிற்று.

"எங்கீங்க?"

"இப்பத்தான் இருந்துச்சு சார்."

ஜெல் காய்ந்துவிட்டதோ என்று மறுபடி தடவினேன். ஒன்றும் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கரைக்குப் போனார். போனதும் அது வந்து நின்றது. கூப்பிட்டேன், வந்தார், போய்விட்டது. போனார், வந்துவிட்டது. நானும் கேபிளை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், மனதுக்குள் ஜெபமும் பண்ணினேன்.

"ஏனுங்க மேடம், மெஷினுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

சரோஜா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "தொர வந்தா நாங்க எல்லாருந்தான் வாய மூடிக்கிறோம். அது மட்டும் பேசுமா?"

மேனேஜரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் மேல் காட்டிலிருந்து டிராக்டர் இறங்கி வந்து அக்கரையில் நின்றது. மதிய எடைக்கு வரும் லோடு. டிரெய்லர் நிறைய மூட்டை, மூட்டைக்கு மேல் பெண்கள். நல்ல பறிப்பு நடக்கும் காலம். கொழுந்து மூட்டைக்குள் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அப்புறம் தேயிலைத் தூளுக்கு நிறமும் வராது மணமும் வராது. மலையைச் சுற்றி வரும் இன்னொரு பாதையில் போனால் சிவந்துதான் வந்து சேரும். மேனேஜர் பதறியதில் ஞாயம் இருந்தது.

"மேடம், காலைல ஒரு தடவ மூடுன்னீங்க, மூடுனேன். இல்லைன்னீங்க, தொறந்தேன். இப்ப நான் பாத்தா இல்லைங்கறது நீங்க பாத்தா இருக்குதுங்கறீங்க. முதலாளிகிட்ட நான் இன்னொருவாட்டி பேச முடியாதுங்க. கண்ணால பாத்தா மூடறேன். இல்லீன்னா வண்டி வரட்டுமுங்க."

சொல்லிவிட்டு, என் ஸ்கிரீனைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று தகட்டின் நடுவில் வந்து நின்றார். ஸ்கிரீன் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அக்கரையைப் பார்த்து, வா என்று கையை அசைத்தார். டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினான். மூட்டை மேலிருந்து ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

இருக்கிறது என்று என் மனதுக்குத் தெரியும், காட்ட முடியவில்லை. தலை குனிந்துகொண்டேன். குனிந்ததும் கண்ணுக்கு நேராக மேனேஜரின் ஷூ. பாலிஷ் போட்ட பெரிய ஷூ, தகட்டின் நட்ட நடுவில். நூறு கிலோ அதன் மேல்.

அப்போதுதான் உறைத்தது. அடி முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இந்த மனிதர் ஏறி நின்றால் தகடு அவர் கனத்துக்குக் கீழே வளைகிறது. வளைந்தால் அடிப்பக்கத்து விரிசல் வாயைத் திறந்துவிடும். திறந்த உதடுகள் ஒன்றையொன்று தட்ட முடியுமா? மேல் ஸ்தாயி எங்கிருந்து வரும்? அவர் வந்தால் அது வாயை மூடிக்கொள்ளவில்லை. ஆவென்று திறந்துகொள்கிறது.

வாய் திறந்திருந்தால் பழைய மெஷினுக்கே அது தெரிய வேண்டும்.

"சார், அசையாதீங்க. அப்படியே நில்லுங்க."

"ஏனுங்க?"

"நில்லுங்கன்னா நில்லுங்க."

முப்பது வருஷத்தில் ஒரு கஸ்டமரை நான் அதட்டியது அன்றைக்குத்தான். பையின் அடியில் பழைய மெஷின் கிடந்தது. எடுத்து, ஜெல்லைப் பிதுக்கி, ப்ரோப்பை அவர் ஷூவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். எக்கோ கம்பம் மாதிரி எழுந்து நின்றது.

"சார், இந்தக் கோட்டப் பாருங்க. இப்ப ஒரு அடி பின்னால போங்க."

போனார். கோடு படுத்துவிட்டது.

"வாங்க."

வந்தார். எழுந்தது. அவர் தானாகவே இன்னொரு தடவை போய் வந்தார். சின்னப் பிள்ளை லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல, முகத்தில் சிரிப்புகூட வந்தது.

"நல்லா தெரியுதுங்களே. என்னங்க இது?"

"விரிசல் சார். நீங்க நிக்கிற எடத்துக்கு நேர் கீழ. நீங்க ஏறுனா வாயத் தொறக்குது."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, கயிற்றின் மேல் நிற்பவர் மாதிரி நின்றார். ஓர் ஆள் கனத்துக்கு ஒன்றும் ஆகாது, டிராக்டருக்குத்தான் பயம் என்று நான் சொன்னேன். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஆனால் டிராக்டர் என்ற வார்த்தை மட்டும் ஏறியது. திரும்பிப் பார்த்தார். முன் சக்கரம் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துறா வண்டிய!"

பேக்டரி வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். டிரைவர் அடித்த பிரேக்கில் மேல் மூட்டை ஒன்று உருண்டு ஓடைக்குள் விழுந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள், ஆனால் யாருக்கும் அடியில்லை. ராஜசேகர் இன்னும் அதே இடத்தில்தான் நின்றிருந்தார்.

"மேடம், நான் எந்தப் பக்கமுங்க எறங்கட்டும்?"

"வந்த பக்கமே வாங்க தொர" என்றார் சரோஜா. "அந்தப் பக்கம் போனா வீட்டுக்கு எப்பிடி வருவீங்க?"

5. வாழ்த்து

பாலம் மூடியதும் எனக்கு மாலை மரியாதை நடக்கும் என்று நினைத்தீர்களானால், உங்களுக்கு எஸ்டேட் தெரியாது.

பெண்கள் டிரெய்லரிலிருந்து இறங்கி, மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஓடைக்குள் வழுக்குப் பாறைகள் மேல் கால் வைத்து இந்தப் பக்கம் வந்தார்கள். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொருத்தியும் கரையேறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நல்லா இருந்த பாலத்துல வந்து மிசினை வச்சா அந்தப் பொம்பள என்று என் காது படவே பேசினார்கள். எல்லாரையும்விடப் பெரிய தொண்டை சரோஜாவுடையதுதான்.

"சத்தம் வருதுன்னுதான் நான் சொன்னேன். பாலத்தையே புடுங்கச் சொன்னனா? எங்க கால் நோவ யார் பாக்கிறது?"

புகார் கொடுத்தவரே நீங்கதானே என்றேன். அதற்கும் திட்டு விழுந்தது.

சில நாள் கழித்துத் தகட்டைக் கழற்றினார்கள். நானும் போயிருந்தேன். அடிப்பக்கத்து வெள்ளிப் பெயிண்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தோம். விரிசலுக்குள் இறங்கிய சாயம் மெல்ல மேலே ஊறி வந்து கோடு காட்டும், அதுதான் முறை. வெல்டிங் ஓரத்திலிருந்து தொடங்கி, என் முழங்கை நீளத்துக்குச் சிவப்புக் கோடு வந்தது. வந்துகொண்டே இருந்தது. பேக்டரியில் மெஷின் பார்க்கும் பிட்டர் தகட்டை முட்டுக் கொடுத்து ஒரு சம்மட்டி போட்டார். பிஸ்கட் மாதிரி இரண்டாகப் போயிற்று. ஒடிந்த முகத்தில் கொஞ்சமே கொஞ்சம் இரும்பு புதிதாகப் பளபளத்தது. மற்றதெல்லாம் பழைய துரு, எப்போதோ விரிந்துபோன இடம். அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் தினமும் டிரெய்லர் போய் வந்திருக்கிறது.

ராஜசேகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சரோஜா அந்த ஒடிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுமேல தூங்கிக்கிட்டே வருவோம் மிசினம்மா" என்றார். எனக்கு மூட்டை மேலிருந்து கையாட்டின பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. ஜீப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எங்களுக்கு முன்னால் வந்து ஓகே எழுதினவர்கள் பொய் எழுதவில்லை. விசிட் என்றதும் எஸ்டேட்டில் வண்டியை நிறுத்தி, ஆளை விலக்கி, பாலத்தைக் காலியாகத் துடைத்துக் கொடுத்தார்கள். காலிப் பாலத்தில் பழைய மெஷினுக்கு ஒரு கோளாறும் தெரியாது. மூடிக் கிடக்கும் விரிசலுக்குப் புது மெஷினை வையுங்கள். திறக்கும் விரிசலுக்குச் சுமையை ஏற்றிப் பழைய மெஷினை வையுங்கள். இரண்டையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிக்னல் வந்து வந்து போனால் மெஷினை அடிக்காதீர்கள், யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைப் புத்தகத்தில் எழுதமாட்டார்கள். நீங்கள் சரியாகக் கண்டுபிடித்தால் ஒன்றுமே நடக்காது. பாலம் விழாது, பேப்பரில் வராது, நன்றி சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. நடக்க வைத்தாளே பாவி என்று ஊரே திட்டும். புதுத் தகடு போட்டு முடிக்கும்வரை அந்தப் பெண்கள் தினம் ஓடையில் இறங்கி ஏறினார்கள். நான் போனபோதெல்லாம் வரிசையாக நின்று வைதார்கள். நின்று கேட்டுக்கொண்டேன். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், ஒருத்தி குரல்கூட அதில் குறையவில்லை.